அப்பாவின் உயிலை எதிர்த்து வழக்கு: பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துக்கு நான் முதன்முதலில் போனபோது கையில் ஒரு காகிதமும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. அம்மாப்பேட்டை வீடு, ஏற்காட்டில் இருந்த இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இரண்டையும் அப்பா அண்ணன் பெயருக்கே எழுதிவைத்துவிட்டார் என்று காரியம் முடிந்த வாரத்தில்தான் எனக்கும் தங்கைக்கும் தெரியவந்தது. வக்கீல் வர நேரமாகும் என்று அவருடைய குமாஸ்தா உட்காரச் சொன்னார். முப்பது வருடமாக வழக்குக் கட்டு தூக்கியவர். கதையைப் பாதி கேட்டதுமே நிறுத்தி, "ஏம்மா, உயில் செல்லாதுன்னு தீர்ப்பே வந்துட்டா உங்க கைக்கு எவ்வளவு வரும்? உயில் செல்லும்னு வந்தா எவ்வளவு வரும்? ரெண்டையும் எழுதிட்டு வந்து வக்கீலைப் பாருங்க" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதுதான் பிற்பாடு எனக்கு அதிகமாகப் பணம் மிச்சப்படுத்தியது. இதே நிலையில் இருப்பவர்களுக்காக நான் போன வரிசையிலேயே எழுதுகிறேன். இது சட்ட ஆலோசனை அல்ல. வக்கீலிடம் போகும் முன் கையில் என்ன வைத்திருக்க வேண்டும், எதற்கு எவ்வளவு தரலாம் என்பது பற்றியது.

முதல் படி: வக்கீலுக்கு முன் காகிதம்

முதலில் வேண்டியது இறப்புச் சான்றிதழ். உயில் பதிவானது என்றால், எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்து வாங்கலாம். பதிவுச் சட்டம், 1908 அப்படித்தான் சொல்கிறது. பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழோடு மனுக் கொடுத்தால் போதும், அண்ணனைக் கெஞ்ச வேண்டியதில்லை. பதிவாகாத உயில் என்றால் நோட்டீஸ் அனுப்பித்தான் கேட்க வேண்டும். பதிவாகாத காரணத்தாலேயே உயில் செல்லாது என்று நினைக்காதீர்கள். பதிவான காரணத்தாலேயே அது அசைக்க முடியாதது என்றும் நினைக்காதீர்கள்.

அடுத்தது வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்றிதழ். கடைசியாக மூலப் பத்திரம். அப்பா வாங்கியதா, பாகப்பிரிவினையில் வந்ததா, தாத்தா இறந்தபின் வாரிசு முறையில் வந்ததா என்பதை இந்தக் கடைசிக் காகிதம்தான் சொல்லும். இவை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு ஒரு வக்கீல் பீஸின் ஓரத்துக்குக்கூட வராது.

இதோடு ஒரு வேலையை அன்றைக்கே முடித்துவிடுங்கள். உயிலைக் காட்டிப் பட்டா மாற்ற அண்ணன் மனுப் போடுவார். தாசில்தாருக்கு எழுத்து மூலம் ஆட்சேபனை கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். பட்டா மாறினால் உரிமை போய்விடாதுதான், ஆனால் மாறிய பட்டாவை வைத்து விற்க முயன்றால் அதைத் தடுக்க இன்னொரு மனு, இன்னொரு பீஸ்.

இரண்டாம் படி: குமாஸ்தா கேட்ட கணக்கு

அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பெண்ணுக்கு ஒன்றுமே தராமல் விட்டது அநியாயம் என்பது உயிலை உடைக்கும் காரணம் ஆகாது. இதைக் கேட்க எனக்கும் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் அப்பாவால் தன் பங்கைத்தான் உயில் எழுத முடியும். நம் பங்கு அவருடையதே அல்ல. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்குரிமை வந்தது. அப்போது அந்தச் சட்டம் ஏற்கெனவே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பு மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அதைத் தொட முடியாது.

ஒரு எச்சரிக்கை. "தாத்தா சொத்து" எல்லாம் பூர்வீகம் அல்ல. தாத்தா 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அவருடைய சொந்தச் சொத்து வாரிசாக அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச் சொத்தாகவே கருதப்படும். இந்த ஒரு விஷயத்தில்தான் சேலத்தில் பாதிப் பேர் தவறான நம்பிக்கையோடு வழக்குப் போடுகிறார்கள் என்பார் எங்கள் குமாஸ்தா.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன், விலைகளை எளிமைக்காக முழு எண்ணாக்கியிருக்கிறேன். அம்மாப்பேட்டை வீடு அப்பா தறி ஓட்டிச் சம்பாதித்து வாங்கியது, மதிப்பு 90 லட்சம். ஏற்காட்டுத் தோட்டம் கூட்டுக் குடும்பப் பாகப்பிரிவினையில் வந்த பூர்வீகம், மதிப்பு 60 லட்சம். அம்மா முன்பே இறந்துவிட்டார். பிள்ளைகள் மூவர்.

உயில் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். வீடு அண்ணனுக்குப் போய்விடும். தோட்டத்தில் அப்பாவோடு சேர்த்து நான்கு பங்கு. அப்பாவின் கால் பங்கு மட்டும் உயில்படி அண்ணனுக்கு. எனக்கு என் கால் பங்கு, 15 லட்சம், உயில் இருந்தாலும் உண்டு. உயில் செல்லாது என்றால் இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கு: வீட்டில் 30, தோட்டத்தில் 20, ஆக 50 லட்சம்.

அப்படியானால் உயிலோடு மல்லுக்கட்டுவதன் மதிப்பு 50 லட்சம் இல்லை, 35 லட்சம்தான். மீதி 15 லட்சத்துக்கு உயிலைத் தொடவே வேண்டாம், பாகப்பிரிவினை கேட்டாலே போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் போயிருந்தால் எனக்குச் சேர வேண்டிய 15 லட்சத்தையே "ராஜி", அதாவது சமரசம், என்ற பெயரில் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இந்தக் கணக்கு இந்துக் குடும்பத்துக்கு. முஸ்லிம் குடும்பம் என்றால் வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது என்பதிலிருந்தே கணக்கு மாறிவிடும். கிறிஸ்தவக் குடும்பத்தில் பூர்வீகப் பங்கு என்ற பேச்சே இல்லை.

மூன்றாம் படி: உயிலில் ஓட்டை எங்கே

இதுவும் பணக் கணக்குதான். உயிலில் எழுதியவர் கையெழுத்தும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் வேண்டும். சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து கோர்ட்டுக்கு வரக்கூடிய நிலையில் இருந்தால், அவரைக் கூண்டில் ஏற்றாமல் உயிலை நிரூபிக்க முடியாது. நிரூபிக்கும் பாரம் உயிலைக் காட்டுபவர் மேல். சந்தேகம் தரும் சூழ்நிலைகள் இருந்தால் அவற்றை விலக்கும் பொறுப்பும் அவருக்கே என்று 1959-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்றும் எல்லாக் கோர்ட்டிலும் மேற்கோள் காட்டுகிறார்கள். நடுங்கிய கையெழுத்து, நினைவு தப்பிய காலம், லாபம் அடைபவரே முன்னின்று எழுதவைத்தது, காரணம் சொல்லாமல் மற்றப் பிள்ளைகளை ஒதுக்கியது போன்றவை அந்தச் சூழ்நிலைகள்.

ஆனால் "மிரட்டி வாங்கினார்", "ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்" என்று நீங்கள் எழுதினால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலைக்கு வந்துவிடும். கூடவே செலவும். கையெழுத்து நிபுணர், மருத்துவக் கோப்புகளை வரவழைக்க மனு, டாக்டரைச் சாட்சியாக அழைக்கும் செலவு என்று வரிசையாக வரும். கோபத்தில் எல்லாக் குற்றச்சாட்டையும் பிராதில், அதாவது நாம் தாக்கல் செய்யும் வழக்கு மனுவில், அடுக்கச் சொல்லாதீர்கள். எதை நிரூபிக்க முடியுமோ அதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பிராதின் முதல் வரைவில் ஒன்பது குற்றச்சாட்டுகள் இருந்தன. கடைசியில் நின்றவை இரண்டு.

காலக்கெடு பற்றி ஒரு வார்த்தை. நம் உரிமை இன்னது என்று கோர்ட் அறிவிக்கக் கேட்கும் விளம்புகைப் பரிகாரத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. உரிமை மறுக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து ஓடும். பூர்வீகப் பங்குக்குப் பன்னிரண்டு ஆண்டு இருக்கலாம். "திதி முடியட்டும், அண்ணன் மனசு மாறும்" என்று தள்ளிப்போடுபவர்கள் நோட்டீஸையாவது அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். நோட்டீஸ் அனுப்புவதால் மட்டும் கெடு நின்றுவிடாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

நான்காம் படி: ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுங்கள்

காகிதங்களும் கணக்கும் தயாரானதும், வழக்கை ஒப்படைக்காமல், ஆலோசனைக்கு மட்டும் பீஸ் கொடுத்து இரண்டு வக்கீல்களைப் பாருங்கள். இலவசமாகக் கேட்டால் "போட்டுடலாம், ஜெயிச்சுடலாம்" என்ற பதில்தான் வரும். காசு கொடுத்துக் கேட்டால், தோற்கும் இடம் எது என்று கேட்க நமக்கும் வாய் வரும். நான் கேட்டவை இவை: எந்தக் கோர்ட்? கோர்ட் பீஸ் எந்தப் பிரிவில் எவ்வளவு? எந்தச் சாட்சியால் நாம் தோற்போம்? நீங்களே குறுக்கு விசாரணை செய்வீர்களா, ஜூனியரா?

கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தவரிடம் நான் போகவில்லை. உயில் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான்.

ஐந்தாம் படி: பீஸ் பேசுவது

முதலில் போன இடத்தில் "இப்போ எதுவும் தர வேண்டாம்மா, ஜெயிச்சா பத்து பர்சன்ட் போதும்" என்றார்கள். கையில் காசில்லாதபோது அது தேன் மாதிரி இருக்கும். ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசுவதையும், கிடைக்கும் சொத்தில் பங்கு கேட்பதையும் இந்திய வக்கீல் சங்கக் கவுன்சிலின் விதிகள் வக்கீல்களுக்குத் தடை செய்கின்றன. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பி. சுனிதா வழக்கில், இப்படிச் சதவீதக் கணக்கில் வாங்கிய காசோலையை வைத்துப் போட்ட வழக்கையே ரத்து செய்தது. எனவே சதவீதம் பேசுபவர், வழக்கு தொடங்கும் முன்பே தன் விதியை மீறுகிறார். எழுந்து வந்துவிடுங்கள்.

பேச வேண்டியது கட்டம் கட்டமாக. பிராது தாக்கல் வரை ஒரு தொகை. இடைக்கால மனுக்களுக்கு ஒன்று. சாட்சி விசாரணைக்கு ஒன்று. வாதத்துக்கு ஒன்று. மேல்முறையீடு இதில் சேராது என்பதை அப்போதே சொல்லிக்கொள்ளுங்கள். வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். வழக்கு இழுக்க இழுக்கச் செலவு ஏறும் ஏற்பாடு அது. குமாஸ்தாவுக்குக் கொடுப்பது, டைப்பிங், ஜெராக்ஸ், பேட்டா எல்லாம் தனியா, உள்ளேயா என்றும் கேளுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட்டுத்தான் நான் முதல் ஆறு மாதத்தில் கணக்கே இல்லாமல் நூறும் இருநூறுமாகக் கொடுத்தேன். கூட்டிப் பார்த்தபோது ஒரு கட்டத்தின் பீஸே அதில் போயிருந்தது.

பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது. அது சங்கடம் என்றால், பேசியதை அன்று மாலையே வாட்ஸப்பில் "சார், இன்று பேசியபடி" என்று தொடங்கி அனுப்பிவிடுங்கள். பணத்தை வங்கி வழியாகவோ யூபிஐயிலோ கொடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம், வெற்றுக் காசோலையும் வேண்டாம். பவர் பத்திரம் எழுதிக் கேட்டால் கூடவே கூடாது. நம் சார்பில் கோர்ட்டில் ஆஜராக வக்காலத்து ஒன்றே போதும்.

பிடிக்கவில்லை என்றால் வக்கீலை மாற்றலாம். பீஸ் பாக்கி இருக்கிறது என்று சொல்லி வழக்குக் கட்டைத் தராமல் நிறுத்திவைக்க அவருக்கு உரிமை இல்லை என்று 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கிலேயே தீர்ப்பு இருக்கிறது. பாக்கியை அவர் தனியாக வசூலிக்கலாம், காகிதத்தைப் பிடித்துவைக்கக் கூடாது. அப்படி நிலைமை வரும் முன்பே, கொடுக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். வழக்கு எண்ணும், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் பதினாறு எழுத்துள்ள சி.என்.ஆர். எண்ணும் கையில் இருந்தால், அடுத்த வாய்தா எப்போது என்று ஈகோர்ட்ஸ் செயலியில் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: கோர்ட் பீஸ்

வக்கீல் பீஸைவிட இது பெரிதாக இருக்கலாம், அதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. மதிப்பின்படி கட்டும் கோர்ட் பீஸ் தமிழ்நாட்டில் முன்பு 7.5 சதவீதமாக இருந்தது. 2017-இல் 3 சதவீதம் ஆனது. பாகப்பிரிவினை வழக்கில் இரண்டு வழி உண்டு. சொத்திலிருந்து நம்மை முழுக்க வெளியேற்றிவிட்டார்கள் என்றால், நம் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். என் 50 லட்சத்துக்கு அது ஒன்றரை லட்சம். கூட்டு அனுபவத்தில், அதாவது மற்றப் பங்குதாரர்களோடு சேர்ந்து சொத்தை அனுபவித்து, இருக்கிறோம் என்றால் சிறிய, நிலையான தொகைதான்.

சின்னத் தொகை என்பதற்காகவே இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கூட்டு அனுபவம் என்று எழுதிவிட்டு, உள்ளே "பத்து வருடமாக என்னை வீட்டு வாசலிலேயே விடவில்லை" என்றும் எழுதினால் எதிர்த்தரப்பு விடாது. குறையும் பீஸைக் கட்டச் சொல்லி உத்தரவு வரும். ஆனால் போன தை வரை காப்பி விற்ற பணத்தில் பங்கு வந்தது, அதற்கு வங்கிக் கணக்கில் அடையாளம் இருக்கிறது என்றால் அது உண்மையான கூட்டு அனுபவம். அந்தப் பாஸ்புக்கைத் தேடி எடுங்கள். எங்களுக்கு ஒன்றரை லட்சத்தை மிச்சப்படுத்தியது அதுதான்.

உயில் என்னைக் கட்டுப்படுத்தாது என்ற விளம்புகையையும் கேட்டால் அதற்குத் தனி மதிப்பீடு உண்டு. உயிலில் கையெழுத்துப் போட்டது நாம் இல்லை என்பதால் அதை "ரத்து செய்" என்று கேட்டு முழு மதிப்புக்குக் கட்ட வேண்டியதில்லை என்று வாதிட இடமிருக்கிறது. இதை வக்கீலிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

ஏற்காடு போன்ற இடத்தில் தோட்டம் இருந்தால் பிராதிலேயே சேர்க்க வேண்டியவை இரண்டு. கார்த்திகையிலிருந்து தை வரை காப்பி பறிப்பு. வழக்கு நடக்கும் ஒவ்வொரு வருடமும் அந்த வருமானம் அண்ணன் கைக்குப் போகும். அதற்குக் கணக்குக் கேட்கும் பரிகாரம் ஒன்று. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்காமல் இருக்கத் தடையாணை இன்னொன்று. தீர்ப்பு வரும்போது மொட்டை நிலத்தில் கால் பங்கு வாங்கி என்ன செய்வது? வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்குபவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்பது சட்டம். வெட்டிய மரத்துக்கு அது உதவாது.

ஏழாம் படி: காசு இல்லை என்றால்

பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. சேர்வராயன் மலைக் கிராமங்களில் பலருக்கு இது பொருந்தும், தெரிந்தவர்கள் குறைவு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. சேலம் கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் பீஸ், சம்மன் கட்டணம் போன்றவையும் இந்த உதவியில் அடங்கும். அங்கே நியமிக்கும் வக்கீலுக்கு நீங்கள் ஒரு ரூபாயும் தரக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். இலவச வக்கீல் என்றால் மட்டம் என்று எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது. தங்கை அப்படித்தான் தன் வக்கீலைப் பெற்றாள், குறுக்கு விசாரணையில் என் வக்கீலைவிட அவர்தான் நன்றாகக் கேட்டார்.

வக்கீல் கிடைத்தும் கோர்ட் பீஸுக்கு வழியில்லை என்றால், வறியவர் வழக்காக அனுமதி கேட்கலாம். கோர்ட்டில் இன்னும் "பாப்பர் ஓ.பி." என்றுதான் சொல்கிறார்கள். ஜெயித்தால் அந்தப் பீஸைக் கிடைத்த சொத்திலிருந்து அரசு எடுத்துக்கொள்ளும். அனுமதி கிடைக்கவே மாதங்கள் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உடன்பிறந்தவர்கள் இருவர் ஒரே பக்கம் என்றால், செலவு பாதிப் பாதியா பங்கின்படியா, ஒருவர் ராஜியானால் மற்றவர் என்ன செய்வது என்பதைப் பேசி எழுதிவையுங்கள். அண்ணனோடு சண்டை போடப் போய்த் தங்கையோடும் பேச்சு நின்ற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கின்றன.

நகைக் கடன் வாங்கலாம், அதன் வட்டி தெரியும், முடிவு தெரியும். "கேஸை நான் பாத்துக்கிறேன், நிலத்துல பாதி எழுதிக் குடுங்க" என்று வரும் ரியல் எஸ்டேட் ஆட்களிடம் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வெளியாள் ஒருவர் வழக்குக்குப் பணம் தருவது சட்ட விரோதம் இல்லைதான், நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்க்கவும் முடியும். ஆனால் அதற்கு இன்னொரு வழக்கு வேண்டும்.

எட்டாம் படி: சமரசத்தின் விலை

லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்தாலும் திரும்பப் பெறலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொன்னது. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டால் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஆகவே அண்ணன் ஒரு தொகை சொல்லும்போது அதை 50 லட்சத்தோடு ஒப்பிடாதீர்கள். 15 லட்சத்தோடு ஒப்பிடுங்கள். அதற்கு மேல் வருவதுதான் அவர் உண்மையில் விட்டுக்கொடுப்பது.

பேச நல்ல நேரம் உயில் சாட்சியின் குறுக்கு விசாரணை முடிந்த வாரம். யாருக்கு எவ்வளவு பலம் என்று அப்போது இரு தரப்புக்கும் தெரிந்துவிடும். எங்கள் வழக்கில் சாட்சி, அப்பா கையெழுத்துப் போட்டதைத் தான் பார்க்கவில்லை என்று வாய் தவறிச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணி போன் செய்தார்.

பேச்சு முடியாமல் தீர்ப்பு வந்தால், ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றைக்கே நகல் மனுப் போட்டுவிடுங்கள். மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். நகல் தயாராக ஆகும் நாட்கள் அதில் கழிக்கப்படும், நீங்கள் மனுப் போடத் தாமதித்த நாட்கள் கழிக்கப்படாது. மேல்முறையீட்டுக்கும் முதல் கோர்ட்டில் கட்டிய அளவுக்கே கோர்ட் பீஸ் உண்டு, வக்கீல் பீஸ் புதிதாகப் பேச வேண்டும். குமாஸ்தா கேட்ட கணக்கை அப்போது மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். இதுவரை செலவானதை அதில் சேர்க்காதீர்கள்.